மூஞ்சியைப் பார்த்துப் பேசு

"காது நல்லா இருந்தும் ஒருத்தனுக்குப் பேச்சு விளங்காமப் போகுமா?"

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் அண்ணன் அவளிடம் இப்படிக் கேட்டார். துறைமுகத்தில் கூட வேலை பார்க்கும் ஒருவருக்காகக் கேட்பதாகச் சொன்னார். காது கேட்கும் விதத்தைப் பற்றி அவள் செய்துவந்த ஆராய்ச்சி குறித்து வீட்டில் யாரும் அதுவரை எதுவும் கேட்டதில்லை. "ஊரான் காதுக்குள்ள அப்படி என்னதான் தேடற, தொலைஞ்சு போன தோடா?" என்று அண்ணி கேலி செய்வதோடு சரி. அதனால் அண்ணன் யாருக்காகக் கேட்கிறார் என்று யோசிக்கத் தோன்றாமல், சாப்பிட்ட கை காயக் காய அவள் பேசிக்கொண்டே போனாள். காது வெறும் வாசல்தான். உள்ளே வந்த சத்தத்தில் எது பேச்சு, எது இரைச்சல் என்று பிரித்துக் கொடுப்பது மூளை. சிலருக்கு வாசல் விரியத் திறந்திருக்கும், பிரிக்கிற வேலை மட்டும் சரியாக நடக்காது. அமைதியான அறையில் எல்லாம் கேட்கும். நாலு பேர் சேர்ந்து பேசினால் சந்தைக்கடைதான். அண்ணன் அவள் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். தன் பேச்சை இப்படிக் கேட்க வீட்டில் ஓர் ஆள் இருக்கிறாரே என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது அதே அண்ணன் அவளுடைய ஆய்வுக்கூடத்தில், பஞ்சுச் சுவர் வைத்த சின்ன அறைக்குள், தலையில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தார். துறைமுகத்துக்குப் புது கிரேன் வந்திருந்தது. அண்ணன் இத்தனை நாள் ஓட்டிய பழையது குட்டை. கீழே நிற்கிறவன் கையசைப்பதும் வாயசைப்பதும் மேலிருந்தே தெரியும். புதியதில் ஆள் உட்காரும் கூண்டு பனை உயரத்துக்கும் மேலே. அங்கிருந்து பார்த்தால் மனிதர்கள் எறும்புகள். நிறுத்து, இறக்கு, இடது பக்கம் திருப்பு எல்லாமே வாக்கி டாக்கியில்தான் வரும், அதுவும் இன்ஜின் இரைச்சலுக்கு நடுவில். அதனால் அதில் ஏறுகிறவர்கள் இரைச்சலில் பேச்சு விளங்குகிறதா என்று சோதித்துச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"அதான் வீட்டுலயே ஒரு பூனைக்காது இருக்கே, வேற எவன்கிட்டயோ ஏன் போகணும்னு வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் உள்ளே நுழைந்திருந்தார். பூனைக்காது என்பது அவளுக்குச் சின்ன வயதில் அவர் வைத்த பெயர். அடுக்களையில் பால் பாத்திர மூடி அசைந்தால் மாடியில் இருக்கிற அவளுக்குக் கேட்டுவிடும். "மேல ஏறினா கடல் மொத்தமும் தெரியுமாம். ஓய்வு வாங்கறதுக்கு முன்னாடி அதுல ஒரு தடவையாவது உக்காந்துடணும்" என்றும் சொன்னார். ஆசைப்பட்டு எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர் அவர்.

ஒலிகளைக் கேட்கும் முதல் சோதனையில் அவர் காது இளவட்டங்களின் காதுபோல் இருந்தது. அடுத்தது இரைச்சல் சோதனை. பலர் ஒரே நேரத்தில் பேசும் சளசளப்பு ஹெட்ஃபோனில் ஓடும், அதற்கு நடுவில் வரும் வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வாக்கியங்களைப் பதிந்து வைத்திருந்த கருவி அன்று மக்கர் செய்தது. வேறொரு நாள் வரச் சொல்ல மனம் வராமல், அவளே மைக்கைப் பிடித்துக் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து வாசித்தாள்.

"தம்பி குடையை பஸ்ஸில் மறந்துவிட்டான்."

அண்ணன் திருப்பிச் சொன்னார். இரைச்சலைக் கூட்டினாள். சொன்னார். இன்னும் கூட்டினாள். அவளாலேயே தாங்க முடியாத அளவிலும் ஒரு சொல் பிசகாமல் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பூனைக்காது யாருக்கு என்று வெளியே வந்ததும் கேட்க வேண்டும்.

அடுத்த வாக்கியத்தைத் தொடங்கும்போது பேனா உருண்டு கீழே விழுந்தது. வாசிப்பை நிறுத்தாமல் குனிந்து எடுத்தாள். நிமிர்ந்தபோது அறைக்குள்ளிருந்து பதில் இல்லை.

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கவனம் சிதறியிருக்கும் என்று நினைத்து, அதே வாக்கியத்தை நிமிர்ந்தபடி வாசித்தாள். உடனே சொன்னார். அடுத்ததைத் தலையைக் குனிந்துகொண்டு வாசித்தாள். பதில் இல்லை. நிமிர்ந்தாள், வந்தது. நேரில் வாசிக்கும்போது உதட்டசைவு தெரியாதபடி வாயை அட்டையால் மறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவளே மாணவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம். அட்டை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எதிரில் இருந்தது அண்ணன் என்பதால், வீட்டில் பேசுவதுபோல் முகத்தைக் காட்டிப் பேசிவிட்டாள்.

வீட்டில் அது சட்டம். "மூஞ்சியப் பாத்துப் பேசு" என்று அண்ணன் எரிந்து விழாத நாள் கிடையாது. திமிர் என்றார் அப்பா. கரண்ட் போனால் அண்ணன் வாயே திறக்க மாட்டார், இருட்டென்றால் பயம் என்று எல்லோரும் சிரிப்பார்கள். போன் அடித்தால் எடுத்து அண்ணியிடம் நீட்டிவிடுவார். பள்ளிக்கூடத்துக்கு அவளைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவாரே, அந்த லாரிச் சத்தத்தில் அவர் முதுகைப் பார்த்தபடி வழியெல்லாம் எத்தனை சொல்லியிருப்பாள். யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னாள். குறுக்கே பேசாமல் கேட்கிற அண்ணன் யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்திருந்தாள்.

இரைச்சலை நிறுத்திவிட்டு அவள் உள்ளே போனாள். அண்ணன் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"அன்னைக்குக் கேட்டியே, கூட வேலை பாக்கறவருக்குன்னு."

"ம்."

"எப்பலேர்ந்துண்ணா?"

"எப்பலேர்ந்துன்னு கேட்டா? எல்லாருக்கும் இப்படித்தான் கேக்கும்போலன்னு நெனச்சிட்டிருந்தேன். மத்தவன்லாம் என்னைவிடக் கெட்டிக்காரன், அவ்வளவுதான்னு." கழுத்தைத் தடவிக்கொண்டார். "நீ பேசினப்பதான் இதுக்கு ஒரு பேரு இருக்குன்னே தெரியும்."

"தெரிஞ்சுமா வந்த?"

"நீ இருக்கன்னுதான் வந்தேன்."

அவர் அதைக் கெஞ்சலாகச் சொல்லவில்லை. சைக்கிளில் ஏறிக்கொள் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"கீழ நாலு பேரு நிப்பாங்கண்ணா" என்றாள் மெல்ல.

"நிப்பாங்க." தன் கைகளைப் பார்த்தார். "முதல்ல வாசிச்சதெல்லாம் சரியாத்தானே சொன்னேன். அதுவரைக்கும் எழுதேன். பேனா விழாமலே இருந்திருந்தா எழுதியிருப்பல்ல?"

அவள் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். அண்ணன் எழுந்து, மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

தாழ்வாரத்தில் தரையைத் தேய்க்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சல் சுவருக்குச் சுவர் மோதியது.

"அண்ணா."

அவர் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். முதுகு அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

தாழ்வாரத்தின் முடிவில் பெரிய கண்ணாடிக் கதவு. அதன் பிடியில் கை வைத்ததும் அண்ணன் நின்றார். கண்ணாடியில் தாழ்வாரம் முழுவதும் தெரிந்தது, விளக்குகளும் ஈரத் தரையும் தூரத்தில் நிற்கும் அவளும். அவர் கண்ணாடிக்குள் அவள் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து, சாப்பாட்டு மேசையில் பார்த்த அதே பார்வையாக அவள் வாயைப் பார்த்தார். இவ்வளவு தூரத்திலும் ஒரு சொல் போதும், அவருக்கு விளங்கிவிடும்.

அவள் உதடுகள் அசையவில்லை.

கொஞ்ச நேரம் காத்திருந்து அதையும் பார்த்துத் தெரிந்துகொண்டு, அண்ணன் கதவைத் தள்ளினார். கதவோடு அவளும் தாழ்வாரமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடியும் நேரானபோது கண்ணாடியில் அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.