டீ சொல்லப் போனவன்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பனையில் இருந்து வரவில்லை. நூர் நிஷா கேட்டதால் வந்தது. தாராவியில் தோல்பை பட்டறை வைத்திருந்த கலீலுல்லாவின் மனைவி அவள். 1986 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கலீலும் நானும் அவனுடைய பழைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் மால்சேஜ் மலைக்குப் போனோம். நான் மட்டும் திரும்பி வந்தேன்.

மூன்று வருடமாக அவள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "அவுக கோவத்துல வேகமாப் போனாகளா அண்ணாச்சி?" அன்று காலை இருவருக்கும் சண்டை. மழையில் மலைக்குப் போக வேண்டாம் என்று அவள் சொல்ல, அவன் கேட்கவில்லை. அவள் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. ஒரு வாய் டீ கூடக் குடிக்காமல் அவன் கிளம்பினான். சொந்த வண்டி என்றதும் தலைகால் தெரியாமல் ஓட்டியிருக்கிறான் என்று தெருவில் நாலு நாள் பேசினார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். அவளால் முடியவில்லை. கோபப்படுத்தி அனுப்பிக் கொன்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே தையல் மிஷினை மிதிக்கிறாள்.

நான் ஒவ்வொரு தடவையும், "ஒரே பனியா இருந்துச்சும்மா, ஒண்ணும் தெரியல" என்றுதான் சொன்னேன். போன மாதம் அவள் சொன்னாள்: "நீங்க கதை எழுதுதவுகதானே. வாயில வரலேன்னா எழுதிக் கொடுங்க."

(நான் பிரம்மநாயகம். மாட்டுங்காவில் ஒரு ஜவுளி ஆபீசில் குமாஸ்தா. சின்னப் பத்திரிகைகளில் என் கதைகள் ஏழு வந்திருக்கின்றன. ஏழிலும் கதாநாயகன் தைரியசாலி.)

2

தொடக்கங்கள்:

"பச்சை மலைகள் இரு நண்பர்களையும் வா வா என்று அழைத்தன." அடித்துவிட்டேன். எந்த மலையும் என்னை அழைக்கவில்லை. கலீல்தான் அழைத்தான்.

"கலீலுல்லாவுக்கு வேகம் என்றால் உயிர்." இது பச்சைப் பொய். சயான் சிக்னலில் சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போவார்கள். லாரி ஒன்று பின்னால் ஹாரன் அடித்தால் ஓரமாக நிறுத்தி, அது போய்ப் புழுதி அடங்கும் வரை காத்திருப்பான். தெருவில் பேசியவர்கள் யாரும் அவன் பின்னால் உட்கார்ந்து போனதில்லை.

"எனக்குப் பயமாக இருந்தது." இதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

3

கல்யாண் வரை ஒன்றும் இல்லை. முர்பாட் தாண்டியதும் இரண்டு பக்கமும் நெல் வயல், முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்ற பெண்கள், தூறல். கலீல் தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு பாடிக்கொண்டே ஓட்டினான். (கோபமாக இருந்தவன் பாடுவானா? இந்த வரி நூர் நிஷாவுக்காக. ஆனால் உண்மை.)

மலை ஏறத் தொடங்கியதும் கலீலின் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பக்கம் பாறை, அதிலிருந்து தண்ணீர் ரோட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. தலை அளவு கற்கள் விழுந்து கிடந்தன. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. மேகம் இறங்கி வந்து ரோட்டை மூடியது. லாரிகள் வருவது தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. திடீரென்று இரண்டு மஞ்சள் விளக்குகள் முகத்துக்கு நேரே முளைத்து, உரசுவதைப் போல் போயின. ஒவ்வொரு வளைவிலும் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவன் தோளை நான் பிடித்திருந்த பிடியில், "சட்டையக் கிழிச்சிராதவே, இருக்கதே ரெண்டு" என்றான்.

அந்த நேரத்தில் நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். வண்டி நிற்க வேண்டும். எதற்காக என்றாலும் சரி, ஐந்து நிமிடம் நிற்க வேண்டும்.

4

ஓரிடத்தில், கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் எருமைகளோடு நின்றார். கலீல் வண்டியை நிறுத்தினான். நான் இறங்கிப் போய் அவரிடம் பேசினேன். அவர் ரோட்டை விட்டு இடது பக்கம் பிரிந்த மண்பாதையைக் கையால் காட்டினார். நான் திரும்பி வந்து, "முன்னால கட இருக்காம்வே, பக்கத்துலதான்" என்றேன்.

"பாதை சகதியாக் கெடக்கு. ரெண்டு பேரு ஏறுனா சறுக்கும்" என்றான் கலீல். "நீ நடந்து வா. நான் போயி டீ சொல்லுதேன்."

முதல் கியரில் போனான். இரண்டு காலையும் தரையில் உரசிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிப் போவதைப் போல மெதுவாகப் போனான். இருபது அடியில் சிவப்பு விளக்கு மேகத்துக்குள் மறைந்தது. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

கடை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

[இந்த இடத்தில் வேறு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் போய்ச் சேரும்போது அவன் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கிளாஸோடு காத்திருக்கிறான். இன்னொன்றில் முன்சக்கரம் பள்ளத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிடுகிறது, அவன் கெட்ட வார்த்தை சொல்லிச் சிரிக்கிறான். இரண்டாவது நன்றாகவே வந்தது. கிழிக்க மனசு வராமல் கிழித்தேன்.]

5

நான் பெரியவரிடம் என்ன கேட்டேன் என்பதை யாரும் விசாரிக்கவில்லை. போலீஸ் 'மேகமூட்டம், வழுக்கல்' என்று எழுதிக்கொண்டது. இங்கே சொல்கிறேன்.

பம்பாய்க்கு வந்து பதினெட்டு வருடம். கடைக்கு இந்தியில் 'துகான்' என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் பயம் வந்தால் நாக்கு ஊருக்குப் போய்விடுகிறது. "பாபா, சாய் கட கிதர் ஹை?" என்றேன். டீக்கடை எங்கே என்று கேட்டதாக நினைப்பு. நம் பக்கத்தில் கடையைக் 'கட' என்றுதானே சொல்வோம். 'சாய்' என்ற சொல்லைக் காற்று கொண்டுபோயிற்று. அவர் காதில் விழுந்தது ஒரு சொல்தான்.

"கடா? புடே ஆஹே" என்றார். முன்னால் இருக்கிறது என்று அர்த்தம். அதுவரை சரியாகத்தான் புரிந்துகொண்டேன்.

மராட்டியில் கடா என்றால் செங்குத்துப் பாறையின் விளிம்பு. மழைக்காலத்தில் பட்டணத்துக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்களாம். எங்களையும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். பிறகு என்னோடு விளிம்பில் நின்று, தலையில் அடித்துக்கொண்டு, "துமீச் கடா விசாரலாத" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நீங்கள்தானே கடா எங்கே என்று கேட்டீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்வதுதான் கஷ்டம். முந்தைய படியில், "கலீலுக்கு டீ குடிக்க வேண்டும் போல் இருந்தது" என்று எழுதியிருந்தேன். கதைக்குப் பொருத்தமாக இருந்தது, காலையில் குடிக்காதவன் அல்லவா. எழுதி முடித்தபின்தான் அந்த வாக்கியம் போய் யார் தலையில் விழும் என்று உறைத்தது. அடித்துவிட்டேன்.

அவன் டீயே கேட்கவில்லை. நூர் நிஷா, நான் கேட்டேன். பயமாக இருக்கிறது, திரும்பிப் போகலாம் என்று சொல்ல வெட்கப்பட்டு, ஒரு டீ அடிச்சா நல்லாருக்கும்வே என்றேன். எனக்காகத்தான் அவன் வண்டியை நிறுத்தினான். எனக்கு டீ சொல்லத்தான் போனான்.

6

இதை இன்று, வாசித்துக் காட்டிவிட்டு வந்து எழுதுகிறேன்.

நூர் நிஷா மாநகராட்சியின் இந்திப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேச மட்டும்தான் வரும். அதனால் என்னையே வாசிக்கச் சொல்லி, மிஷினை நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான்கு பகுதியும் வாசித்தேன். ஐந்தாவதன் தாள் கையில் இருந்தது. முதல் வரியைப் பார்த்தேன். மலையில் வந்த அதே பயம் வந்தது.

"அவ்வளவுதாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ கோவமாப் போகல" என்றாள். இல்லை என்றேன். முதல் கியர்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். முகம் தெளிந்ததைப் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். ஒரு நிமிடம்தான் அது இருந்தது.

"டீக்குத்தான் போயிருக்காக" என்றாள். "நான் ஒரு டீ போட்டுக் கொடுத்திருந்தா போயிருக்க மாட்டாகள்லா."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. தாள்களை அவளே வாங்கிக்கொண்டாள், ஐந்தாவதையும் சேர்த்துத்தான். தமிழ் படித்தவர்கள் யாராவது வந்தால் இன்னொரு தடவை நிதானமாக வாசிக்கச் சொல்லிக் கேட்பேன் என்று மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். நான் படி இறங்கி வந்துவிட்டேன். என்னிடம் இருப்பது கார்பன் பிரதி.

இதை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் தமிழ் படித்தவர். தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டில், தோல்பை பட்டறைக்கு மேல்மாடியில் நூர் நிஷா என்று கேட்டால் காட்டுவார்கள். போனால் காகிதத்தை எடுப்பதற்கு முன்னால் உங்களுக்கு டீ போட எழுந்திருப்பாள். மூன்று வருடமாக அவள் வீட்டில் யாரும் டீ குடிக்காமல் வெளியே போனதில்லை. அவளை உட்காரச் சொல்லுங்கள், கடைசித் தாளை எடுத்து வாசியுங்கள்.