தாமசின் யோவின் தலை

1817 மே மாதம், தேவாலயப் பங்கின் எல்லையை ஊர்வலமாகச் சுற்றிவரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, விதவை தாமசின் யோவின் மாவுப் பெட்டி நிரம்பி வழிந்தது. வழிந்த கோதுமை மாவு சமையலறையின் பாதிவரை வந்து, அதற்குமேல் ஓர் அங்குலமும் நகராமல், சுவர் வைத்தாற்போல் இடுப்புயரத்துக்கு நின்றது. அந்த ஆண்டு நாலு ராத்தல் ரொட்டி பதினேழு பென்ஸ், ஏறக்குறைய ஒரு நாள் கூலி.

மாவு நின்ற இடம்தான் வென்கோம், லாட்ஃபோர்டு என்ற இரண்டு பங்குகளுக்கும் எல்லை. வீட்டைக் கட்டியவன் அதைக் கவனிக்கவில்லை. அதனால், எல்லை மறந்துபோகாதிருக்க வில்லோ மரக் குச்சிகளால் எல்லையை அடித்துக்கொண்டு வரும் ஊர்வலம், ஆண்டுதோறும் அவள் ஜன்னலில் ஏறி, மேசையை மிதித்து, பின்வாசல் வழியாக இறங்கிப் போகும். மேசைவிரிப்பில் இரண்டு ஊர்ச் சேறும் படியும். தாமசின் துவைத்துக் காயப்போடுவாள்.

ஏழைகளுக்கு ரொட்டி கொடுப்பது பங்கின் கடமை. வீடு எல்லைமேல் இருந்தால், தூங்கும்போது தலை எந்தப் பக்கமோ அந்தப் பங்குதான் பொறுப்பு. தாமசினின் கணவனைப் புதைத்த மறுவாரமே வென்கோமின் ஏழைநிதிக் கண்காணி ஹானஃபோர்டு வந்து, தலைமாடு லாட்ஃபோர்டு பக்கம் வரும்படி கட்டிலைத் திருப்பிப் போட்டார். மறுநாள் லாட்ஃபோர்டு கண்காணி லஸ்கம் வந்து பழையபடி திருப்பினார். ஆறு வருடத்தில் கட்டில்கால்கள் நாலு அங்குலம் தேய்ந்தன. ரொட்டி எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. அவள் தலை தங்கள் ஊரைச் சேர்ந்ததல்ல என்று ஆளுக்கொரு தாளில் முத்திரை வைத்து அவளிடம் கொடுத்தது மட்டும்தான் மிச்சம். கடைசியில் இருவரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: ஊர்வலம் முடிந்ததும் வீட்டை இடித்துவிடுவது. வீடு போனால் தனக்குப் போக்கிடம் இல்லை என்று தாமசின் சொன்னாள். அதுவும் குறித்துக்கொள்ளப்பட்டது.

தேவாலயப் பணிகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை ஜேபஸ் சக்கிடம், ஊர்வலத்தில் சொல்லவேண்டிய இரண்டு பழைய சொற்கள் இருந்தன. எல்லைக் கல்லருகே ‘மியர்’ என்பார். எல்லை என்று பொருள். பிறகு அரை மைல் நடந்து, வயலில் ‘ஃபாய்சன்’ என்பார், குறைவில்லாத விளைச்சல். இரண்டையும் ஒரே இடத்தில் சொல்லக்கூடாதென்று யாரும் சொல்லிவைக்கவில்லை, அவ்வளவு சோம்பேறி ஒருவன் பிறப்பான் என்று யாரும் நினைக்காததால். அன்று மழை. சக்கின் வயிற்றில் ஆப்பிள் மது நிறைய, கால்களில் தெம்பு குறைவு. தாமசினின் சமையலறையிலேயே இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். அந்த மூச்சில்தான் மாவுப் பெட்டி பொங்கியது.

மாவு வென்கோம் பக்கம் நின்றது. ஹானஃபோர்டு அதற்குள் இறங்கி நின்றுகொண்டார்.

“தாமசின் எங்க பொம்பள. கட்டிலப் பாருங்க, தலைமாடு எங்க பக்கம்.”

“நேத்து நீர்தானய்யா எங்க பக்கம் தள்ளிவிட்டுப் போனீரு? காலையில நான் திருப்பினது கணக்கில்ல. தலை எங்களது. பெட்டிக்காரி எங்க ஆளுன்னா மாவும் எங்களது,” என்றார் லஸ்கம்.

தாமசின் பைபிளுக்குள்ளிருந்து இரண்டு தாள்களை எடுத்தாள். ஹானஃபோர்டைப் பார்த்துச் சொன்னாள்.

“சண்ட எதுக்கு ஐயா? என் தலை வென்கோம் இல்லைன்னு நீங்க எழுதினது இது. லாட்ஃபோர்டு இல்லைன்னு அவரு எழுதினது இது. பெரிய மனுசங்க நீங்க, பொய்யா எழுதியிருப்பீங்க? எந்த ஊருலயும் சேராதவ வீட்ட இடிக்க எந்த ஊருக்கு உரிமை?”

ஊர்வலத்தோடு வந்திருந்த பாதிரியார் தாள்களை வாங்கி இரண்டு தடவை படித்தார். இடிக்க வந்தவர்களைக் கடப்பாரையோடு திரும்பிப் போகச் சொன்னார்.

அதன்பிறகு வீடு நின்றது; மாவும் நின்றது, அள்ள அள்ளக் குறையாமல். இரண்டு ஊரிலிருந்தும் பசித்து வந்தவர்களுக்குத் தாமசின் கேள்வி கேட்காமல் அள்ளிப் போட்டாள். அடுத்த ஆண்டு ஊர்வலம் ஜன்னலுக்கு வெளியே காலணியைக் கழற்றிவிட்டு ஏறியது. அறுவடை மறுபடி பொய்த்த வருடத்தில் ஹானஃபோர்டும் லஸ்கமும் கிண்ணத்தோடு வந்து வரிசையில் நின்றார்கள். அவர்களிடம் மட்டும் அவள் ஒன்று கேட்டாள்.

“தூங்கும்போது தலைய எந்தப் பக்கம் வச்சுப் படுப்பீங்க, ஐயா?”

அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கிண்ணத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.