நிறைமாதச் சீமாட்டி

“இன்னும் எத்தனை வருஷம்தான் சுமக்கப் போறீங்க, அண்ணி?” என்று கொழுந்தன் வாரின் ஒருமுறை இடோனியாவிடம் கேட்டான். அப்போது அவளுக்கு நிறைமாதமாகி ஆறு வருடம் கடந்திருந்தது.

அவள் கணவர் ரெய்னர் விருந்தில் குவளை காலியானால் வாய் திறந்து கேட்க மாட்டார். விரல் கணுவால் மேசையில் இரண்டு முறை மெதுவாகத் தட்டுவார், ஒரு முறை பலமாக. சிறுவயதிலிருந்தே தம்பி வாரின்தான் ஓடிவந்து ஊற்றுவான். ரெய்னர் போரில் இறந்த செய்தி வந்த வாரம், தான் கருவுற்றிருப்பதாக இடோனியா அறிவித்தாள். வாரிசு இல்லையென்றால் ஆல்டன்மியர் கோட்டை தம்பிக்கு. விதவைக்கு அரசன் கைகாட்டும் கிழவன் எவனாவது மாப்பிள்ளை. வயிற்றில் பிள்ளை இருந்தால் ஆணோ பெண்ணோ அதுதான் வாரிசு. பிறக்கும்வரை சாவிக்கொத்து தாயின் இடுப்பில். விதவை பொய் சொல்கிறாளா என்று அறியவும் வழக்கம் ஒன்று இருந்தது. ஊரில் மதிப்பான பெண்கள் வயிற்றைத் தடவிப் பார்த்துச் சத்தியம் செய்ய வேண்டும். ஆண் கை படக்கூடாது. ஒவ்வோர் அறுவடைக்குப் பிறகும் வாரின் அவர்களை அனுப்பினான். ஒவ்வொரு முறையும் பிள்ளை உதைத்தது.

இடையில் இடோனியா வயிற்றைத் தாங்கியபடியே வழக்குகளைத் தீர்த்தாள். ஆலைக்காரன் மாவு திருடுவதை நிறுத்தினாள். முற்றுகை வந்தபோது மதில்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தையற்காரன் அவள் உடைக்கு அளவெடுப்பதையே விட்டுவிட்டான்.

ஏழாம் வருட அறுவடை முடிந்ததும் வாரின் படையோடு வந்து கூடத்தில் நின்றான்.

“தடவித் தடவி என் கைரேகையே அழிஞ்சுபோச்சு, ஐயா,” என்றாள் பியர் காய்ச்சும் காடித். “போன வருஷத்தைவிட பலமா உதைக்குது.”

“பூனையை உள்ள வச்சுத் தெச்சா தலையணையும்தான் உதைக்கும். இன்னிக்கு நானே தொட்டுப் பாக்கறேன். ஒண்ணும் இல்லன்னா சாவி என் கையில.”

பெண்கள் குறுக்கே நின்றார்கள். வீரர்களின் கை வாள்பிடிக்குப் போனது.

“வழி விடுங்கடி,” என்றாள் இடோனியா. “கையுறையைக் கழட்டிட்டுத் தொடுங்க, கொழுந்தனாரே. இரும்பு பட்டா பிள்ளைக்கு ஆகாது.”

அவன் உள்ளங்கையை வைத்தான். பிள்ளை உள்ளிருந்து தட்டியது: இரண்டு முறை மெதுவாக, ஒரு முறை பலமாக.

வாரின் மேசைமேலிருந்த கூஜாவை எடுத்து இடோனியாவின் குவளையை விளிம்புவரை நிரப்பினான். பிறகு கையுறையை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.