சிறகை உதிர்த்த ஈக்கள்

பால்காரரின் மனைவியை ஈக்கள் கடிக்க ஆரம்பித்த நாளிலிருந்து, அந்தத் தொழுவத்து மாடுகளை ஒரு ஈகூடத் தொடவில்லை. மாடுகள் வாலை வீசுவதையே மறந்து, மினுமினுத்து, கூடுதலாகப் பால் கறந்தன. அவள்தான் வெளுத்துக்கொண்டே போனாள். முதலில் வந்தவை கடி ஈக்கள். கணுக்காலில் ஊசிபோலக் குத்தி, வயிறு முட்டக் குடித்துவிட்டுச் சாணக்குழிக்குப் போய்விடும். பால்காரர் குழியை மூடினார், புகை போட்டார், சன்னலுக்கு வலை அடித்தார். கடைசியில் மாடுகளையே விற்றார். ஈக்கள் வந்துகொண்டேதான் இருந்தன. தன்னைக் கடிக்கட்டும் என்று சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் வெல்லப்பாகு பூசிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எறும்புதான் வந்தது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த வீட்டில் அப்படி யாரும் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அடுத்த கோடையில் வேறொரு ஈ வந்தது. கடி ஈக்கள் வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டன. புதியது தட்டையாக, பழுப்பாக, நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடியது. விடியும்போதெல்லாம் கட்டிலைச் சுற்றி உதிர்ந்த சிறகுகள் கிடந்தன. துடைப்பத்தை ஓங்கினாலே அந்தக் காற்றுக்கு எழுந்து பறந்தன. பால்காரர் தினமும் அவள் முதுகிலிருந்து இடுக்கியால் ஈக்களைப் பிடுங்கினார். மறுநாள் அதே அளவு இருந்தன. ஊரில் இருந்த மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தார். அவர் இரண்டு வகையையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"அது குடிச்சிட்டுப் போயிடும். இது போகாது. பிடிச்ச உடம்பு கிடைச்சதும் சிறகைத் தானே உதிர்த்துடும். சாகற வரைக்கும் அங்கேயேதான்."

முட்டையும் இடாது, ஒவ்வொரு குஞ்சாக வயிற்றுக்குள்ளேயே பால்போல ஒன்றை ஊட்டி வளர்த்துத்தான் வெளியே விடும் என்றும் சொன்னார். மருந்து என்று எதையும் சொல்லவில்லை.

"வயித்துக்குள்ளேயே பாலா?" என்று கட்டிலிலிருந்து கேட்டாள் அவள்.

அன்று மாலை இடுக்கியோடு வந்தவரிடம் முதுகைக் காட்ட மறுத்துவிட்டாள்.

"விடுங்க. சிறகில்லாம அதுங்க எங்க போகும்?"

அவர் கெஞ்சினார், சண்டை போட்டார், சாப்பிடாமல் கிடந்தார். அவள் மசியவில்லை. வருடங்கள் போயின. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் பிறகு நடப்பதையும் விட்டாள். தெருக்காரர்கள் நலம் விசாரிக்கையில் அவளையும் ஈக்களையும் சேர்த்தே விசாரித்தார்கள். அவரும் சேர்த்தே பதில் சொன்னார். ஒரு மதியத் தூக்கத்தில் அவள் புரண்டு படுத்தாள். எதுவும் நசுங்கிவிடாமல், தூக்கத்திலேயே, அங்குலம் அங்குலமாக. பால்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றுக்கும் இடம் விட்டு, சுவரோரமாக ஒதுங்கிப் படுத்துக்கொண்டார்.