பக்கத்து வீட்டுப் பாப்பா

எனக்கு டி.பி. என்று தெரிந்த அன்று, கிளினிக் நர்சம்மா கேட்ட முதல் கேள்வியே வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா என்பதுதான். கூசாமல் இல்லை என்றேன். என் மகளுக்கு அப்போது நாலு வயது.

நான் தையல்காரன். சும்மா தொண்டையைச் செருமினாலே துணி கொடுக்க வந்தவர்கள் இரண்டடி தள்ளி நிற்பார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் பாலர் பள்ளியில் பாப்பாவை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். என் மாத்திரையை மட்டும் ஒரு நாள் தவறாமல் விழுங்கினேன். அவனவன் உயிர் அவனவனுக்கு வெல்லக்கட்டி, எனக்கென்ன விதிவிலக்கா?

மனைவி விடவில்லை. கூட இருக்கிற குழந்தைக்கு நோய் வராமலிருக்கவும் மாத்திரை தருகிறார்கள், போய் உண்மையைச் சொல்லுங்கள் என்று தினமும் நச்சரித்தாள். ஒன்றுமில்லாத பிள்ளைக்கு எதற்கு மருந்து என்று எரிந்து விழுந்தேன். நீ போய் வாயைத் திறந்தால் என் மாத்திரையை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டியும் வைத்தேன். அவ்வளவு பெரிய வீரன் நான். அதன்பிறகு அவள் சாப்பாடு போட்டாள், முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஐந்தாவது வாரம், வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்றார் நர்சம்மா. பாப்பாவை மடியில் உட்கார்த்தி, இது ஒரு விளையாட்டு என்று பாடம் நடத்தினேன். யார் கேட்டாலும் அவள் பக்கத்து வீட்டுப் பாப்பா, நான் டெய்லர் மாமா. சரியாகச் சொன்னால் பொத்தான் டப்பா அவளுக்கு. கெட்டிக்காரி, இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

நர்சம்மா வந்தபோது மனைவி வேலைக்குப் போயிருந்தாள். என் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். தையல் மிஷினில் பாதி தைத்த சின்ன மஞ்சள் கவுன் கிடந்தது. யாருக்கு என்றார். கஸ்டமருக்கு என்றேன். அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து பாப்பா வந்து நின்றாள். தலையில் அதே மஞ்சள் துணியில் ரிப்பன்.

"நீ யாரும்மா?" என்றார் நர்சம்மா.

"பக்கத்து வீட்டுப் பாப்பா." என் பக்கம் கையைக் காட்டினாள். "இவரு டெய்லர் மாமா."

ஒரு தடுமாற்றம் இல்லை. சொல்லி முடித்ததும் நேரே பொத்தான் டப்பாவை எடுக்கப் போனாள். போகிற போக்கில் இரண்டு தடவை இருமினாள்.

"சிஸ்டர், அது என் பொண்ணு," என்றேன். "உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு, "எத்தனை நாளா இருமுறா?" என்று மட்டும் கேட்டார்.

தெரியவில்லை. டெய்லர் மாமாவுக்கு எப்படித் தெரியும்? நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது.

மறுநாள் மூன்று பேரும் கிளினிக்குக் கிளம்பினோம். எடை பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். முடிவு வரும்வரை மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. வெறும் சளி இருமல்தான், நோய் இல்லை, வராமலிருக்க மாத்திரையை இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம் என்றார் டாக்டர். ஐந்து வாரத்தை வீணாக்கிவிட்டீர்கள், நல்லவேளை தப்பித்தது என்றும் சொன்னார். நல்லவேளைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நான் ஒன்றும் செய்யவில்லையே.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்தவர் பாப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "உன்கூட வந்திருக்கறது யாரு?" என்று கேட்டார்.

பாப்பா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"அப்பான்னு சொல்லலாமா?" என்று காதில் கேட்டாள்.