சிக்னேக்குப் போன மனுக்கள்

தபால்காரர் ஆறுமுகச்சாமி தெருமுனையிலேயே சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு வந்தார் என்றால், ஞானபூரணத்துக்கு சுவீடனிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு உறையின் மூலையில் தங்க நிறத்தில் மூன்று கிரீடங்கள் போட்ட அரசாங்க முத்திரை வேறு. ராமசுப்பு முதலாளியின் தறிக் கொட்டகையில் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த ஞானபூரணம், ராட்டையை நிறுத்திவிட்டு உறையைப் பிரித்தாள். இரண்டு வரி வாசித்ததும் எழுந்து நின்றுவிட்டாள். அடுத்த தறியில் இருந்த புருஷன் வெள்ளத்துரைக்குத் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி கத்தினாள்.

"ஏங்க, சிக்னே மந்திரியாயிட்டா."

பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படித்தபோது டீச்சர் கொடுத்த பேனா நட்பு முகவரி சிக்னேயுடையது. பத்தொன்பது வருஷமாகிறது. அப்போது சிக்னே ஒரு காகித ஆலை ஊரில் தொழிலாளர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் வேலை செய்தாள். குளிர்காலத்தில் அங்கே மூன்று மணிக்கே இருட்டிவிடுமாம். காப்பகம் இருந்த தெருவில் விளக்கு இல்லை. அதைக் கேட்டுக் கேட்டு நகராட்சிப் படிகளில் ஏறி இறங்கியவள், கடைசியில் தானே தேர்தலில் நின்று கவுன்சிலர் ஆனாள். முதல் கூட்டத்தில் குரல் நடுங்கியது என்று எழுதினாள். ஒருமுறை தோற்றாள். அழுது முடித்துவிட்டு ரொட்டி சுட்டேன் என்று அதையும் எழுதினாள். பிறகு எம்.பி. ஆனாள். அதற்கு இங்கே தெரு முழுக்கக் கடலைமிட்டாய் கொடுத்தது ஞானபூரணம். இப்போது வீட்டுவசதி மந்திரி. அக்காள் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமான மாதிரி அன்று முழுவதும் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மறுநாளே பக்கத்து வீட்டு மைமூனம்மாள் வந்து நின்றாள். "ஏ ஞானம், தெருக்குழாய்ல மூணு மாசமா வெறுங் காத்துதான் வருது. அந்தம்மாவுக்கு ஒரு மனு எழுது."

"மைனி, அவ சுவீடனுக்குல்லா மந்திரி."

"எந்த ஊரு மந்திரின்னா என்ன, மந்திரி மந்திரிதான? அவ சொன்னா இவனுவ கேக்க மாட்டானுவளா?"

ஞானபூரணத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மந்திரியைத் தெரிந்தவள் என்று ஒருத்தி தெருவில் இருக்கும்போது மனு கொடுக்காமல் இருக்க யாரால் முடியும்? எதிர் வீட்டுப் பேச்சி, வாறுகால் அடைத்துச் சாக்கடைத் தண்ணீர் தெருவில் நிற்பதைச் சொன்னாள். இன்னொருத்தி விளக்குக் கம்பத்தைச் சொன்னாள். இருபத்துமூன்று மனு சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் அகராதியை வைத்துக்கொண்டு அவளே இங்கிலீஷில் எழுதினாள். 'மாண்புமிகு'வுக்குச் சரியான இங்கிலீஷ் வார்த்தை தேடியே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அடியில் அவரவர் கைநாட்டு. வெள்ளத்துரை எட்டிப் பார்த்து, "அப்படியே அங்கன இருந்து இங்கன வரைக்கும் ஒரு பைப்பு இழுக்கச் சொல்லு" என்றான்.

தபாலில் போட்ட பிறகுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது. மந்திரியாகி ஒரு மாசம் ஆகவில்லை, அதற்குள் மனுவைக் கட்டி அனுப்பியிருக்கிறாளே என்று சிக்னே நினைக்க மாட்டாளா? தீபாவளி போயிற்று, பொங்கலும் போயிற்று, பதில் இல்லை. பத்தொன்பது வருஷச் சிநேகிதத்தை இப்படியா தொலைப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அதற்குள் முனிசிபல் தேர்தல் வந்துவிட்டது. அவர்கள் வார்டில் ராமசுப்பு முதலாளி நிற்கிறார் என்றதும் மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். போட்டியே இல்லை, அன்னபோஸ்ட்டாக ஜெயித்துவிடுவார் என்று டீக்கடையிலேயே முடிவு சொல்லிவிட்டார்கள்.

வேட்புமனுத் தாக்கலுக்குக் கடைசி நாள். மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கொட்டகை வாசலில் சைக்கிள் மணி கேட்டது. கனமான உறை. பிரித்தால் இருபத்துமூன்று மனுவும் திரும்பி வந்திருந்தது. மேலே ஒரு தாள், சிக்னேயின் கையெழுத்தில்.

'எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். இதில் ஒன்றுகூட மந்திரியின் வேலை இல்லை. குழாயும் சாக்கடையும் தெருவிளக்கும் கவுன்சிலரின் வேலை. நானும் அங்கேதான் தொடங்கினேன். இருபத்துமூன்று மனுவும் ஒரே கையெழுத்தில் இருக்கிறதே. உங்கள் தெருவில் இத்தனை பேருக்காக எழுதுகிறவள் யார்?'

மறுபடி வாசித்தாள். பயமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு அப்போது நேரமில்லை.

ராமசுப்பு முதலாளி நாற்காலியில் இருந்தபடியே கேட்டார். "என்ன ஞானம், மந்திரி என்ன சொல்லுதா?"

"என்னை நிக்கச் சொல்லுதா அண்ணாச்சி."

சிக்னே அப்படி ஒரு வார்த்தை எழுதவில்லை. வாயிலிருந்து வந்ததைக் கேட்டு ஞானபூரணமே திகைத்துப்போனாள்.

"எங்கன நிக்க?"

"நம்ம வார்டுலதான்."

முதலாளி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "நீ அங்கன போனா, நாளைக்கு இந்த ராட்டையில வேற ஆளு இருக்கும். யோசிச்சுக்க" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். பாதியில் நின்றிருந்த தாரைச் சுற்றி முடித்தாள். நூலை அறுத்துக் கூடையில் போட்டுவிட்டு எழுந்து, மனுக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அவள் வாசலைத் தாண்டும்போது வெள்ளத்துரையின் தறி நின்றது.

"ஏட்டி, வெரசாப் போ. மூணு மணிக்கு மூடிருவானுவ" என்றான். முதலாளியின் பக்கம் அவன் திரும்பவேயில்லை.

மைமூனம்மாளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போவோம் என்றுதான் தெருவுக்குள் நுழைந்தாள். மைமூனம்மாளிடம் மட்டும் சொன்ன விஷயம் எப்போது அவளோடு நின்றிருக்கிறது? முனிசிபல் ஆபீசுக்குப் போய்ச் சேரும்போது, ஞானபூரணத்துக்குப் பின்னால் ரதவீதி ஊர்வலம் மாதிரி தெருவே வந்துகொண்டிருந்தது. குழாயடியிலிருந்து அப்படியே வந்த பேச்சியின் இடுப்பில் வெறுங்குடம். அதிகாரி படிவத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

"முன்மொழியறது யாரும்மா?"

"நாந்தான்" என்று மைமூனம்மாள் பெருவிரலை மையில் அழுத்தினாள். அவளுக்குப் பின்னால் பேச்சியும் விரலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒரு ஆள் போதும்மா, மத்தவங்க வெளிய நில்லுங்க."

ஒருத்தியும் நகரவில்லை. மைப்பெட்டி அவர் மேசையை விட்டுக் கிளம்பி, கை மாறிக் கை மாறி, வாசல்படி தாண்டி வெயிலுக்குள் போய்க்கொண்டிருந்தது.