சேர் பிரிம்முக்கு ஒரு பட்டிமன்றம்

சேர் ஒஸ்வால்ட் பிரிம் என்ற பழைய அரசியல்வாதியை இன்று இலண்டனிலேயே யாருக்கும் நினைவிருக்காது. உரும்பிராயில் அவரைத் தெரியாத ஆள் இல்லை. போரும் தடையுமாக இருந்த தொண்ணூற்றிரண்டில் யாழ்ப்பாணத்துக்குப் புதுப் புத்தகம் எங்கே வந்தது? வாசிகசாலையில் கறையான் தொடாமல் மிஞ்சிய தடித்த புத்தகம் அவருடைய வாழ்க்கை வரலாறுதான். ஊரே மாறி மாறி வாசித்து முடித்தது. வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டும்போதுகூட, அந்த மனுஷன் தேர்தலில் ஏன் தோற்றார் என்று வரம்பில் நின்று சண்டை பிடிப்பார்கள்.

வாசிகசாலை ஆண்டுவிழாவுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். பிரிம் அரசியலோடு, தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளை நுணுக்குக்காட்டியில் தேடியவர். அவரைப் பெரியவராக்கியது நாடாளுமன்றமா, நுணுக்குக்காட்டியா? நுணுக்குக்காட்டிப் பக்கம் விஞ்ஞான ரீச்சர் மகாதேவி.

பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் கோயிலில் தற்செயலாகக் காண்பதுபோல் காட்டுவதுதான் வழக்கம். மகாதேவியின் தாய் குணலட்சுமி, மேடையில் என்றால் மகள் இன்னும் எடுப்பாகத் தெரிவாள் என்று மாப்பிள்ளை வீட்டாரை விழாவுக்கு அழைத்துவிட்டாள். எதிரணியில் யார் என்று மட்டும் விசாரிக்கவில்லை. தொண்டைமானாற்றிலிருந்து வந்த பேச்சாளர் தியாகராசாதான் மாப்பிள்ளை!

"பிள்ளை, மாப்பிள்ளையோடையே மல்லுக்கட்டப் போறியே? இண்டைக்குத் தோத்துப் போ" என்று மேடைக்குப் பின்னால் வந்து தாய் கெஞ்சினாள்.

மகாதேவிக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. அதுதான் சங்கடம். முன்வரிசையில் மாப்பிள்ளையின் தாய் ஞானாம்பிகை கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

தியாகராசா வெளுத்து வாங்கினார். நல்ல தண்ணீருக்குச் சட்டம் கொண்டுவந்தது நாடாளுமன்றத்தில், பூச்சியைப் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் ஒரு குழாயும் வந்திராது என்றார். ஊர் கைதட்டியது.

மகாதேவி தோற்கத்தான் எழுந்தாள். பிரிம்மின் தோல்விகளைச் சொல்லத் தொடங்கியதும் நாக்கு அவள் சொல் கேட்கவில்லை.

"ஊர்க் கிணத்துத் தண்ணி நல்லது எண்டு சொல்லும், வாக்கெல்லாம் உமக்குத்தான் எண்டு, குழாய்க்குக் காசு குடுக்க விருப்பமில்லாத பணக்காரர் கேட்டவை. நுணுக்குக்காட்டியிலை பூச்சியைக் கண்ட மனுசன், காணேல்லை எண்டு சொல்லமாட்டன் எண்டார். ரெண்டுதரம் தோத்தார். கண்டதை மறைச்சு வெல்லுற வெற்றி ஆருக்கு வேணும்?"

சொன்ன பிறகுதான் அது தனக்கும் பொருந்துகிறது என்று உறைத்தது. மனம் லேசாகிப் பெரிய சந்தோஷம் வந்தது. கலியாணம் போனால் போகட்டும்.

நடுவர் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். குணலட்சுமி தலையில் கைவைத்தாள். ஞானாம்பிகை எழுந்து நேரே மேடையடிக்கு வந்தார்.

"பிள்ளை, உந்தப் புத்தகம் நான் வாசிக்கேல்லை. ரெண்டுதரம் தோத்த மனுசனுக்கு வீட்டிலை இருந்த மனிசி என்ன சொன்னவ?"

"திரும்பவும் தேர்தலிலை நில்லுங்கோ, பொய் மட்டும் சொல்லாதேங்கோ எண்டவ, அம்மா."

ஞானாம்பிகை வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"தம்பி, கலியாணத்துக்கு ஆவணியிலை நாள் வைப்பம். உன்னை எதிர்த்துக் கதைக்க வீட்டிலை நான் ஒருத்திதான். எனக்கும் களைச்சுப் போச்சு."

தோற்றுப்போன தியாகராசா ஊரைவிடப் பலமாகக் கைதட்டினார்.